துவக்கின் மேல் கண்ணாடி: ஒரு விரல் இடைவெளியின் வரலாறு

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். முடிந்தால் வீட்டில் இருக்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டு வாசிக்கக் கொடுங்கள்.

எங்கள் பிள்ளைகள் போனில் பப்ஜி, பிறீ பயர் விளையாடுவதைக் கவனித்திருப்பீர்கள். கீழே கிடக்கும் ஒரு துவக்கை எடுப்பார்கள். இன்னோர் இடத்தில் ஒரு ஸ்கோப்பை எடுப்பார்கள். விரலால் ஒருதரம் தட்டினால் ஸ்கோப் துவக்கின் மேல் போய் உட்கார்ந்துவிடும். நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று கதைப்பார்கள். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத் துவக்கு என்றால் அநேகமாக இதுதான். அவர்களுடைய உம்மா வாப்பாவுக்கும் அம்மா அப்பாவுக்கும் துவக்கு என்பது வேறொன்று. ‘சினைப்பர்’ என்ற சொல்லை எங்கள் பெரியவர்கள் அகராதி பார்த்துப் படிக்கவில்லை. அது எப்படி அவர்களுக்குத் தெரிந்தது என்று செட்டிகுளத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஒரே வீட்டில் இருக்கும் இந்த இரண்டு தலைமுறைக்கும் நடுவில் துவக்கைப் பற்றிச் சரியான பேச்சு இல்லை. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெரியவர்களுக்கு அது வாய் திறக்க விரும்பாத விஷயம். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு முறை உண்டு. ஒரு பொருளை எடு, அது ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேள், அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போ, வரலாறு தானாக வரும். அந்த முறையில்தான் இந்தப் பதிவு. பொருள்: துவக்கின் மேல் பூட்டிய தொலைநோக்கி. கேள்வி: போனில் ஒரு தட்டில் முடிகிற இந்த வேலை, உண்மையான உலகத்தில் ஏன் நூறு வருடத்துக்கும் மேல் எடுத்தது?

பிரச்சினை என்ன?

எங்கள் பக்கத்தில் இடியன் தெரியும், சொட்கன் தெரியும், கட்டுத்துவக்கும் தெரியும். இவை எதிலும் கண்ணாடி இல்லை. கிட்ட நின்று சுடுகிற துவக்குக்குக் கண்ணாடி தேவையில்லை. தூரத்துக்குச் சுடுகிற றைபிளுக்குத்தான் அது தேவைப்பட்டது.

சாதாரண றைபிளில் குறிபார்க்க இரண்டு இரும்புத் துண்டுகள் இருக்கும். குழலின் முனையில் ஒரு முள், கண்ணுக்குக் கிட்ட ஒரு வெட்டு அல்லது துவாரம். கண், துவாரம், முள், இலக்கு நான்கையும் ஒரே கோட்டில் கொண்டு வரவேண்டும். இவை சின்னத் துண்டுகள். எந்த வேலைக்கும் இடைஞ்சல் இல்லை.

தொலைநோக்கி அப்படியல்ல. அது ஒரு குழாய். முன்வில்லை பெரிதாக இருந்தால்தான் மங்கல் நேரத்திலும் போதிய வெளிச்சம் உள்ளே வரும். அதனால் பல தொலைநோக்கிகளின் முன்பக்கம் மணியின் வாய் போல விரிந்திருக்கும். கண் வைக்கிற பக்கமும் தடித்திருக்கும். இந்தக் குழாயை இரண்டு வளையங்களில் பிடித்துத் துவக்கின் மேல் பூட்டவேண்டும்.

எவ்வளவு உயரத்தில் பூட்டுவது? பதிவதுதான் நல்லது. ஏனென்றால் சுடுகிறவன் கன்னத்தைக் கட்டையின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டுதான் பார்க்கவேண்டும். கண்ணாடி உயர்ந்தால் தலையையும் உயர்த்த வேண்டும், கன்னத்துக்குப் பிடிமானம் இருக்காது. அத்தோடு கண்ணாடி பார்க்கிற கோடும் ரவை போகிற பாதையும் எவ்வளவு விலகுகின்றனவோ, கிட்டத்து இலக்கில் அவ்வளவு கணக்குப் பார்க்கவேண்டி வரும்.

சரி, பதித்துப் பூட்டுவோம் என்றால் ஒவ்வொன்றாக இடிக்கும். முன்பக்க மணி குழலில் முட்டும். குழல் சுடும்போது அதிரும், சூட்டில் விரியும். கண்ணாடி அதில் தொட்டுக்கொண்டிருந்தால் பார்க்கிற கோடு ஒவ்வொரு வெடிக்கும் மாறிவிடும். அங்கே ஒரு கடதாசி தாராளமாக நுழைந்து வெளியே வரும் அளவுக்காவது இடைவெளி வேண்டும். பின்பக்கம் அடுத்த பிரச்சினை. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு போல்ட்டின் கைபிடியை உயர்த்திப் பின்னால் இழுக்கவேண்டும். அந்தக் கைபிடி கண்ணாடியில் இடிக்கும். கைபிடி இடிக்காவிட்டால் அதைப் பிடித்த விரல் இடிக்கும். குளிர்நாட்டில் கையுறை போட்ட விரலை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது, ரவை போடுகிற வாய் மேலே இருக்கிறது, அதை மூடிக்கொண்டு கண்ணாடி நிற்கிறது. நான்காவது, பழைய இரும்புக் குறியைக் கண்ணாடி மறைக்கிறது. கடைசியாக, கண்ணாடியைக் கண்ணுக்கு மிகக் கிட்ட வைத்தால் துவக்கு பின்னுக்கு உதைக்கும்போது அதன் விளிம்பு புருவத்தைப் பிளக்கும்.

இவை எல்லாம் வெறும் சில மில்லிமீற்றர் விஷயங்கள். ஆனால் ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று கெடும். இந்த வரலாறு முழுக்க அதுதான் நடந்தது.

துவக்குக்கு முன்பே வந்த பிரச்சினை

கண்ணாடியை ஒரு கருவியின் மேல் பதிவாகவும் வேண்டும், முட்டாமலும் வேண்டும் என்ற இந்தச் சிக்கல் முதலில் வந்தது போர்க்களத்தில் என்று சொல்லமுடியாது. நில அளவையிலும் இது வந்தது. அந்தக் கதை எங்களுக்குக் கிட்டத்தில், தமிழ்நாட்டில் நடந்தது.

1802இல் சென்னையில் வில்லியம் லாம்ப்டன் என்ற அதிகாரி இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். அவரிடம் இருந்த தியோடொலைட் கருவி அரைத் தொன் பாரம். கிடையாகச் சுற்றும் அதன் வட்டத்தின் விட்டமே 36 அங்குலம். தஞ்சாவூர்ப் பக்கம் வந்தபோது நிலம் சமதரை, எங்கு பார்த்தாலும் மரங்கள். பார்வைக்கோடு மரங்களுக்கு மேலால் போகவேண்டும் என்பதற்காகக் கருவியைக் கோயில் கோபுரங்களின் மேல் ஏற்றினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்துபோனது. லாம்ப்டன் ஆறு கிழமை உட்கார்ந்து அதை மீண்டும் வட்டமாக்கினார்.

அவருக்குப் பிறகு வந்தவர் ஜோர்ஜ் எவரெஸ்ட். மலைக்குப் பெயர் வைத்தார்களே, அவர்தான். அவருக்குப் பாரம் குறைந்த, ஆடாத சிறிய கருவி தேவைப்பட்டது. அவர் பெயரில் வழங்கும் தியோடொலைட்டில் தொலைநோக்கியைத் தாங்கும் கால்கள் குட்டையானவை. குட்டைக் கால் என்றால் ஆட்டம் குறைவு. ஆனால் தொலைநோக்கியைத் தலைகீழாகச் சுழற்ற இடம் இல்லை, கீழே முட்டும். திசை மாற்றவேண்டுமென்றால் கையால் தூக்கி எடுத்துத் திருப்பி வைக்கவேண்டும். உயரமான கால் வைத்த மற்றைய வகையில் சுழற்றலாம், ஆனால் அது பாரமும் கூட, உயரமும் கூட. எதைக் கொடுத்து எதை வாங்குவது என்பதை அளவையாளர் தெரிந்துதான் தேர்ந்தார்கள்.

எவரெஸ்ட்டின் கருவிகளைத் திருத்திப் புதுப்பித்த கைவினைஞர்களில் முக்கியமானவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். லண்டனிலிருந்து வந்த கருவியாளர் பாரோ போன பிறகு அந்தப் பதவியையே வகித்தவர் அவர். எவரெஸ்ட் அவரை மிகவும் மெச்சினார். மலையின் பெயர் தெரிந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரும் தெரிந்திருக்கவேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அளவைக் கருவியைச் செய்தவனும் திருத்தியவனும் பாவித்தவனும் ஒரே முகாமில் இருந்தார்கள். முட்டுகிறது என்றால் மறுநாளே தெரியும். போர்த்துவக்கின் கதை அப்படிப் போகவில்லை.

சன்னம் போடுகிற வாயும் கண்ணாடியும்

1861 தொடக்கம் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே தொலைநோக்கி பூட்டிய துவக்குகள் இருந்தன. சிலவற்றில் கண்ணாடிக்குழாய் துவக்கின் குழல் அளவுக்கே நீளம். பிரித்தானியாவில் செய்த விட்வேர்த் றைபிள்கள் சிலவற்றில், இந்தியாவில் பணியாற்றிய டேவிட்சன் என்ற பிரித்தானிய அதிகாரி வடிவமைத்த தொலைநோக்கியை இடப்பக்கமாகப் பூட்டினார்கள். அந்தக் காலத்துத் துவக்குகள் எங்கள் இடியன் மாதிரி, மருந்தும் சன்னமும் வாய்வழியாகப் போட்டு இடிப்பவை. போல்ட் இல்லை, ரவைக்கூடு இல்லை. அதனால் இடிக்கிற சாமானும் குறைவு.

அந்த நூற்றாண்டின் கடைசியில் போல்ட் வைத்த றைபிள்கள் வந்தன. ஒவ்வொரு ரவையாகப் போடாமல் ஐந்து ரவையை ஒரு தகட்டுப் பிடியில் கோத்து, மேலிருந்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ளும் முறை வந்தது. பிரித்தானியாவின் லீ என்பீல்ட் .303 றைபிளில் பத்து ரவை கொள்ளும். இரண்டு பிடி போட்டால் நிரம்பிவிடும். 1907இல் வந்த மார்க் 3 வகையில் அந்தப் பிடியைச் செருகுவதற்கென்றே போல்ட்டின் மேலால் ஒரு இரும்புப் பாலம் போட்டார்கள். பிரித்தானியச் சிப்பாய்களுக்கு நிமிடத்துக்குப் பதினைந்து வெடி குறிபார்த்துச் சுடும் பயிற்சி கொடுத்தார்கள். வேகம்தான் அந்தத் துவக்கின் பெருமை.

இப்போது பாருங்கள். தொலைநோக்கி உட்காரவேண்டிய இடமும் அந்தப் பாலம் நிற்கிற இடமும் ஒன்று. அதில் கண்ணாடி வைத்தால் பிடியில் ரவை போடமுடியாது.

1915: இடப்பக்கக் கண்ணாடி

1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கியபோது பிரித்தானியாவிடம் சினைப்பர்களுக்கென்று ஒரு ஒழுங்கும் இல்லை. ஜேர்மனியில் வேட்டைப் பழக்கம் பெரிது, சைஸ் போன்ற கண்ணாடித் தொழிற்சாலைகளும் இருந்தன. தொலைநோக்கி பூட்டிய துவக்குகள் விரைவிலேயே அவர்களது பதுங்குகுழிகளுக்கு வந்துவிட்டன.

அந்த முதல் மாரியில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் குழிகளில் நின்றவர்களில் இந்தியப் படையினரும் இருந்தார்கள். 1914 செப்ரெம்பரில் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள். பஞ்சாப்பிலிருந்து வந்த முஸ்லிம்கள் பலர். விக்ரோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியப் படைவீரரான குதாதாத் கான் அவர்களில் ஒருவர். பழக்கமில்லாத குளிர், சேறு, எதிரே கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரி. தலையைத் தூக்கினால் முடிந்தது. இலங்கையிலிருந்தும் தோட்டத்துரைமாரின் றைபிள் படை 1914 ஒக்டோபரில் எகிப்துக்குப் போனது. அடுத்த வருடம் கலிபோலியில் ஜெனரல் பேர்ட்வூட்டின் தலைமையகக் காவலில் அதன் ஆட்கள் நின்றார்கள். கலிபோலியிலும் இரண்டு பக்கத்துச் சினைப்பர்களும் பெயர் எடுத்தவர்கள்.

பிரித்தானியா அவசரமாகத் தொலைநோக்கிகளைச் செய்யச் சொன்னது. பெரிஸ்கோப்பிக் பிறிசம் கம்பனி, பேர்மிங்ஹாமின் ஆல்டிஸ் சகோதரர்கள் போன்றோர் செய்தார்கள். அந்த .303இல் எங்கே பூட்டுவது? மேலே வைத்தால் ரவைப்பிடி போடமுடியாது, இரும்புக் குறியும் மறையும். அதனால் இடப்பக்கமாகத் தள்ளிப் பூட்டினார்கள். பாலம் தப்பியது, போல்ட் தப்பியது, இரும்புக் குறியும் தப்பியது. மேசையில் வைத்துப் பார்த்தால் நல்ல தீர்வு.

குழிக்குள் போனதும் கதை மாறியது. அங்கே சினைப்பர் சுடுவது உருக்குத் தகட்டில் வெட்டிய ஒரு சின்னத் துவாரத்தால். குழல் துவாரத்துக்கு நேரே இருந்தால், இடப்பக்கம் தள்ளி நிற்கும் கண்ணாடிக்கு முன்னால் என்ன இருக்கும்? தகடு! பார்க்கிற துவாரத்தில் பாதியை உருக்கு மறைத்துக்கொள்ளும். துவாரத்தைப் பெரிதாக வெட்டினால் எதிரிக்குத் தெரியும்.

இன்னொரு பிரச்சினை கணிதம். பிள்ளைகள் இதைக் கொப்பியில் கீறிப் பார்க்கலாம். கண்ணாடி குழலிலிருந்து 5 சென்ரிமீற்றர் இடப்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீற்றரில் இரண்டு கோடும் சந்திக்கும்படி திருத்தி வைக்கிறோம். 50 மீற்றரில் ரவை இரண்டரை சென்ரிமீற்றர் வலப்பக்கம் போகும். 200 மீற்றரில் 5 சென்ரிமீற்றர் இடப்பக்கம். 300 மீற்றரில் 10 சென்ரிமீற்றர் இடப்பக்கம். குழிக்கு மேலே தெரிவது ஒரு தலை மட்டும் என்றால் பத்து சென்ரிமீற்றர் பெரிய விஷயம். மேலே நேராகப் பூட்டிய கண்ணாடியில் இந்தப் பக்கக் கணக்கு இல்லை. கண்ணாடி பக்கத்தில் இருப்பதால் ஆட்கள் தங்களை அறியாமலே துவக்கைச் சரித்துப் பிடித்தார்கள். அதனாலும் வெடி விலகியது.

இதை அந்தக் காலத்திலேயே உரத்துச் சொன்னவர் ஹெஸ்கத் ப்ரிச்சர்ட். அவர் வேட்டைக்காரர், எழுத்தாளர், ஹாம்ப்ஷயர் அணிக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர். சொந்தச் செலவில் தொலைநோக்கித் துவக்குகளைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். 1916இல் லிங்ஹெம் என்ற கிராமத்தில் சினைப்பர் பயிற்சிப் பாடசாலை நடத்தினார். கொடுத்த கண்ணாடிகளில் பல, வந்துசேரும்போதே திருகாணி ஆடிக்கொண்டும் குறி விலகியும் இருந்ததைக் கண்டார். அதைத் திருத்திக் கொடுப்பதே அவருடைய முதல் வேலையானது.

பிரித்தானியா 1918இல்தான் வேறொரு றைபிளில், பற்றன் 14 வகையில், கண்ணாடியைக் குழலுக்கு நேர் மேலே உயர்த்திப் பூட்டும் முறையை ஏற்றுக்கொண்டது. கீழால் இரும்புக் குறியும் தெரியும். ரவைப்பிடியைக் கைவிட்டார்கள், ஒவ்வொன்றாகத்தான் போடவேண்டும். வேகத்தை விட்டுக்கொடுக்க நான்கு வருடம் எடுத்தது. அது பெருமளவில் களத்துக்குப் போய்ச் சேருமுன் போர் முடிந்துவிட்டது.

ஒவ்வொரு நாடும் விட்டுக்கொடுத்தது என்ன?

இரண்டாம் உலகப் போரில் இதே கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் சொன்னது. ஒரு அட்டவணை போலப் பார்க்கலாம்.

ரஷ்யாவின் மொசின் நகான்ட் றைபிளின் போல்ட் கைபிடி நேராக வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். திறக்கும்போது அது நிமிர்ந்து மேலே வரும். மேலே கண்ணாடி இருந்தால் அதிலேயே போய் இடிக்கும். சினைப்பர் வகையில் கைபிடியை நீட்டிக் கீழ்நோக்கி வளைத்தார்கள். இப்போது அது கண்ணாடியில் படாது. ஆனால் ஐந்து ரவைப் பிடி போடமுடியாது.

ஜேர்மனியர் இரண்டு வழியில் போனார்கள். ஒன்று, போல்ட்டுக்கும் பாதுகாப்புச் சாவிக்கும் இடம் விட்டுக் கண்ணாடியை உயரத்தில் பூட்டுவது. மற்றது, இசட்-எப் 41 என்ற சின்னக் கண்ணாடி. அதைப் போல்ட்டுக்கு மேலே வைக்காமல் முன்னால் தள்ளி, பின்குறி இருக்கும் இடத்தில் பூட்டினார்கள். போல்ட், ரவைவாய், பிடி எதுவும் இடிக்காது. இடைவெளிப் பிரச்சினையை இவ்வளவு வடிவாகத் தீர்த்தவர்கள் வேறு யாரும் இல்லை. ஆனால் கண் தூரத்தில் இருப்பதால் தெரியும் காட்சி ஒடுங்கியது, பெருப்பிப்பு வெறும் ஒன்றரை மடங்கு. சிப்பாய்களுக்கு அது பிடிக்கவில்லை.

அமெரிக்கர் 1943இல் எம்1903ஏ4 றைபிளில் இரும்புக் குறியையே முழுதாகக் கழற்றிவிட்டார்கள். கைபிடியை வளைத்துக் கண்ணாடியைப் பதித்துப் பூட்டினார்கள். கண்ணாடி உடைந்தால் குறிபார்க்க ஒன்றுமே இல்லை. அவர்களுடைய கரண்ட் றைபிளில் எட்டு ரவைப் பிடி மேலால் போகும், முடிந்ததும் மேலாலேயே துள்ளி வெளியே வரும். மேலே எதையும் வைக்க வழியில்லை. எனவே 1944இல் வந்த சினைப்பர் வகையில் கண்ணாடியை இடப்பக்கம் தள்ளினார்கள். கன்னம் நேராகப் படியாது என்பதால் கட்டையில் தோல் மெத்தை கட்டினார்கள். 1915இன் பதில் திரும்பி வந்தது.

பிரித்தானியர் .303இன் புதிய வகையான நம்பர் 4 றைபிள்களில் நன்றாகச் சுடுபவற்றைத் தெரிந்தெடுத்து, லண்டனின் வேட்டைத்துவக்குக் கம்பனியான ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் 20,000க்கும் மேற்பட்ட துவக்குகளை மாற்றிக் கொடுத்தார்கள். பூட்டிய கண்ணாடி முதலில் பிரென் இயந்திரத்துவக்குக்கென்று வடிவமைத்தது, மூன்று மடங்கு. துவக்கின் இடப்பக்க உடலில் இரண்டு இரும்புத் தட்டுகளைப் பொருத்தி, அதில் கையால் திருகும் இரண்டு பெரிய திருகாணிகளால் தாங்கியைப் பிடித்தார்கள். தாங்கி பக்கத்தில் பிடித்தாலும் கண்ணாடி குழலுக்கு நேர் மேலே வந்து நிற்கும். பின்குறியில் இருந்த கிட்டத்துத் துவாரம் இடைஞ்சலாக இருந்தபடியால் அதை அராவி எடுத்தார்கள். கண்ணாடி உயரத்தில் நின்றதால் கன்னத்துக்கு ஒரு மரத்துண்டைக் கட்டையின் மேல் திருகினார்கள். தேவையென்றால் கண்ணாடியைக் கழற்றி அதன் பெட்டியில் வைக்கலாம். ரவையை ஒவ்வொன்றாகத்தான் போடவேண்டும். வேட்டைத்துவக்கு செய்கிற கைகளிடம் வேலையைக் கொடுத்ததன் பலன் தெரிந்தது. இதே அடிப்படையில் மாற்றியமைத்த 7.62 மில்லிமீற்றர் றைபிளைப் பிரித்தானிய இராணுவம் 1970க்குப் பிறகும் பாவித்தது.

பின்லாந்தின் சிமோ ஹேஹா சொன்ன பதில் எல்லாவற்றிலும் எளிது: கண்ணாடியே வேண்டாம். 1939-40 மாரியில் ரஷ்யப் படைக்கு எதிராக இரும்புக் குறியோடுதான் சுட்டார். கண்ணாடி வைத்தால் தலையைக் கொஞ்சம் உயர்த்தவேண்டும், குளிரில் வில்லை மூடுபனி பிடிக்கும், வெயிலில் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். அந்தச் சில சென்ரிமீற்றர் தலை உயரத்தை அவர் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. அவரும் 1940 மார்ச்சில் முகத்தில் வெடிபட்டுத் தாடை சிதைந்தார். உயிர் தப்பி 2002 வரை வாழ்ந்தார்.

எங்கள் நாட்டு .303உம் அதற்குப் பிறகும்

இந்த .303 எங்களுக்குப் புதிதல்ல. 1949இல் உருவான இலங்கை இராணுவம் ஆரம்பத்தில் பாவித்ததும், பொலிஸ் நிலையங்களில் பல காலம் சங்கிலி போட்டு வைத்திருந்ததும், கடேற் மாணவர்கள் தோளில் வைத்து நடந்ததும் லீ என்பீல்ட்தான். பழைய ஆட்கள் ‘திறீ நொட் திறீ’ என்று சொல்வார்கள். அவற்றில் கண்ணாடி இல்லை. ஆனால் போல்ட்டின் மேல் அந்தப் பாலத்தைப் பலர் கண்டிருப்பார்கள். இனி அதைக் காணும்போது ஏன் அது அங்கே நிற்கிறது என்று தெரியும்.

பிறகு தானியங்கிகள் வந்தன. ஏகே வகைத் துவக்கின் மேல்மூடி துப்புரவு செய்யக் கழன்று வரும் தகடு. கழன்று வரும் மூடியின் மேல் கண்ணாடியைப் பூட்டினால் குறி நிற்காது. எனவே ரஷ்யர்கள் 1963இல் ஏற்றுக்கொண்ட ட்றகுனோவ் றைபிளில் உடலின் இடப்பக்கத்தில் ஒரு தண்டவாளம் போல அமைத்து, அதில் தாங்கியை வழுக்கிப் பூட்டி, கண்ணாடியை மேலே கொண்டுவந்தார்கள். அமெரிக்க எம்16இல் மேலே ஒரு கைபிடி இருந்தது. கண்ணாடியை அதன் மேல் பூட்டினார்கள். எதுவும் முட்டாது, ஆனால் கண் மிகவும் உயர்ந்துவிட்டது. பிறகு அந்தக் கைபிடியையே எடுத்துவிட்டு மேற்பக்கத்தைத் தட்டையாக்கினார்கள். பிகட்டினி என்ற அமெரிக்க ஆயுதசாலையின் பெயரில் வழங்கும் பல் வெட்டிய தண்டவாளம் 1995இல் இராணுவத் தரமாக வந்தது. எந்தக் கண்ணாடியையும் எந்தப் பல்லிலும் முன்னும் பின்னுமாக வைத்துப் பூட்டலாம். வளையத்தின் உயரத்தை மட்டும் கண்ணாடிக்குத் தக்கபடி தெரியவேண்டும்.

போனில் பிள்ளைகள் ஒரு தட்டில் செய்கிறார்களே, அது இந்தத் தண்டவாளத்தின் படம். விட்வேர்த் றைபிளின் இடப்பக்கக் கண்ணாடியிலிருந்து இங்கே வர 130 வருடத்துக்கும் மேல் ஆனது.

இந்தக் கணக்கில் எழுதாத ஒரு பத்தி

மேலே நான் சொன்ன அட்டவணையை இன்னொருதரம் பாருங்கள். வேகம், இரும்புக் குறி, கன்னத்தின் பிடிமானம், காட்சியின் அகலம், தலையின் உயரம். எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. எல்லாமே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவனின் வசதி. கண்ணாடிக்கு முன்னால் இருந்தவனுக்கு அந்த அட்டவணையில் ஒரு பத்தி இல்லை. 1915இல் பக்கத்தில் தள்ளிய கண்ணாடியால் வெடி பத்து சென்ரிமீற்றர் விலகியதைக் குறை என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பத்து சென்ரிமீற்றரால் தப்பி வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்று வாழ்ந்தவன் யாரென்று எந்தப் பதிவிலும் இல்லை.

வன்னியில் இருக்கும் எங்களுக்கு இந்தப் பத்தியை நிரப்பத் தெரியும். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எந்த வீட்டில் கேட்டாலும் கண்ணாடியின் முன்பக்கத்தில் நின்ற ஒருவர் இருப்பார், அல்லது நின்று திரும்பாத ஒருவர் இருப்பார். 2009இல் மெனிக் பாமுக்கு வந்துசேர்ந்தவர்களில் பலர் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள். கருவியின் வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாங்கள் பாதி வரலாறுதான் சொல்கிறோம். அதற்காகத் துவக்கைப் பற்றிப் பேசவே கூடாது என்று வாயை மூடினால், அந்த இடத்தைப் போன் நிரப்பிவிடும். போன் முன்பக்கத்தைக் காட்டாது. விழுந்தவன் அடுத்த ஆட்டத்தில் எழும்பி வந்துவிடுவான்.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அதே வில்லை, அதே குழாய், அதே முட்டாத இடைவெளிதான் நில அளவையாளரின் முக்காலியிலும் இருக்கிறது. 1800இல் தொடங்கிய எங்கள் நில அளவைத் திணைக்களத்தின் ஆட்கள் வயலுக்கும் குளக்கட்டுக்கும் காணி எல்லைக்கும் அந்தக் கண்ணாடியால்தான் பார்த்தார்கள். மீள்குடியேறிய பிறகு எத்தனை குடும்பம் தன் காணியின் எல்லை தெரியாமல் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடியைப் பற்றிக் கணிதத்தோடும் பௌதிகத்தோடும் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு அந்த வேலை காத்திருக்கிறது. மொஹ்சின் ஹுசைன் போன வழி அது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவை வாசித்து ஆர்வம் வந்து, காணி துப்புரவு செய்யும்போதோ குளக்கரையிலோ கிடைக்கும் பழைய ரவை, துவக்கின் துண்டு, என்னவென்று தெரியாத இரும்பு எதையும் பிள்ளைகள் கையில் எடுக்கக்கூடாது. இடத்தை அடையாளம் வைத்துவிட்டு விலகி நின்று, பெரியவர்களிடமும் பொலிஸிடமும் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்கள், மனம் ஒத்துவந்தால், தாங்கள் கண்டதைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்தால் வகுப்பில் வாசிக்க நான் நேரம் ஒதுக்குவேன்.